தச்சருக்கு நினைவு மலர்: எதைத் தேடுவது, எப்படி எழுதுவது

இறந்தவரின் முதலாம் ஆண்டு நினைவுக்குச் சிறு புத்தகமாக மலர் போட நினைக்கும் வீடுகள் பெரும்பாலும் கடைசிப் பத்து நாளில்தான் அச்சகத்துக்கு ஓடுகின்றன. அங்கே 'உழைப்பால் உயர்ந்த உத்தமர், பாசமிகு தந்தை, பக்திமான்' என்ற வாசகம் தயாராக இருக்கும். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். நாற்பது வருஷம் வாசல் நிலையும் கதவும் செய்தவரின் வாழ்க்கை அவர் செய்த பொருள்களில் இருக்கிறது. நம் டெல்டாப் பக்கத்துத் தச்சர் என்றால், அவற்றில் பாதி கும்பகோணத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே இன்னும் புழக்கத்தில்தான் இருக்கும். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். திதி இங்கிலீஷ் தேதியோடு ஒத்துப்போகாது. வாத்தியாரிடம் கேட்டுத் திதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

முதல் வேலை, அவர் செய்தவற்றின் பட்டியல். பட்டறையில் கிடக்கும் அளவுச் சீட்டு, மரவாடி (மரக்கடை) பில், கணக்கு நோட்டு எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஊர், யார் வீடு, எந்த வருஷம், என்ன மரம், என்ன அளவு என்று எழுதுங்கள். 'ஏழுக்கு மூன்றரையில் தேக்கு நிலை, பூவரசுக் கதவு' என்ற ஒரு வரி, அவருடைய தொழில் நேர்த்தியைப் பற்றிய பத்து வரியைவிட அதிகம் சொல்லும். மாட்டுவண்டி செய்தவர் என்றால் சக்கரத்தின் நடுக் குடத்துக்கு எந்த மரம், ஆரக்காலுக்கு எது, வெளி வளையமான வட்டைக்கு இரும்புப் பட்டை போட எந்தக் கொல்லரிடம் போனார் என்று கேளுங்கள். டிராக்டர் வந்து வண்டி வேலை நின்றபோது எதற்கு மாறினார், பிளைவுட் வந்தபோது என்ன சொன்னார் என்பதும் வேண்டும்.

இதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்கு முழுதாகத் தெரியாது. கையாளாக இருந்தவர், கூட வேலை பார்த்த கொத்தனார், மரவாடிக்காரர், மரம் அறுத்துக் கொடுத்த மில்காரர் ஆகியோரிடம் போங்கள். அவர் மனைவியிடம் 'அப்பாவைப் பற்றிச் சொல்லும்மா' என்றால் 'நல்ல மனுஷன்' என்பதோடு நின்றுவிடும். உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைத்துக் கேளுங்கள். பேச்சு தானாக வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்துப் பதியுங்கள். வெறும் தரையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடியாக விழும்.

அதிகம் பிழை வருவது வருஷத்தில்தான். வயதானவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். ஊரே அறிந்த சம்பவத்தைக் காட்டி 'அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேளுங்கள். கும்பகோணம் மகாமகம் 1968, 1980, 1992, 2004, 2016. நாகைப் பக்கம் 1952 புயலும் 1977 நவம்பர் புயலும் யாருக்கும் மறக்காது. பிறகு 2004 டிசம்பர் சுனாமி, 2018 நவம்பர் கஜா புயல். ஜாதகத்தில் தமிழ் வருஷம் இருந்தால் கவனம்: 'விஜய வருஷம் ஆவணி' என்றால் 1953, ஆனால் 'விஜய வருஷம் தை' என்றால் 1954. தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் ஜனவரியில் விழும் மார்கழிக் கடைசி நாட்களுக்கும் தை, மாசி, பங்குனிக்கும் ஒன்று கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் பிறந்த வருஷத்தை நினைவுக் கல்லில் தப்பாக வெட்டிய குடும்பங்கள் உண்டு.

குடும்பத்தைப் பற்றி எழுத ஒரே கேள்வி போதும்: ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு எப்படி எரிந்தது? அந்த மாதங்களில் யாரும் நிலை வைக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் காயாது, வேலையும் ஓடாது. கட்டில் கால் மாற்றினாரா, அடகுக் கடைக்குப் போனாரா, மகளின் பள்ளிக் கட்டணத்தை எங்கே புரட்டினார்? பாசம் அங்கேதான் தெரியும். கடன், பங்காளிச் சண்டை எல்லாம் மலரில் வேண்டாம். ஆனால் 'யாரிடமும் கடன் வாங்காதவர்' என்று பொய்யும் எழுத வேண்டாம், கடன் கொடுத்தவர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்.

பக்திக்கும் அதே விதி. 'தெய்வ பக்தி மிக்கவர்' என்பதை அடித்துவிட்டு, செய்ததை எழுதுங்கள்: கிருத்திகைக்குச் சுவாமிமலை போனாரா, ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்தாரா, ஆயுத பூஜைக்கு எந்தக் கருவிக்கு முதல் பொட்டு வைத்தார். கோயில் வேலையைப் பெரிதாக்கும் ஆசை எல்லா வீட்டிலும் உண்டு. 'திருவாரூர் ஆழித்தேர்ச் சக்கரம் அப்பா செய்தது' என்றால் விசாரியுங்கள்; அந்த இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் செய்தது திருச்சி பெல் நிறுவனம். அவர் முட்டுக்கட்டை செதுக்கியிருக்கலாம், சிறிய தேர் ஒன்றைப் பழுது பார்த்திருக்கலாம். அதை அப்படியே எழுதினால் ஒன்றும் குறையாது.

கருவிகளைக் காலை வெயிலில் திண்ணையில் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். பாலிஷ் போட்டுவிடாதீர்கள், பிடியில் விழுந்த கைத்தேய்மானம்தான் படமே. கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய ஸ்டுடியோ படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு, பிளாஷ் இல்லாமல், ஜன்னல் பிம்பம் விழாதபடி எடுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படங்களை 600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்தால்தான் பெரிதாக்க முடியும்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கம் நான்கின் மடங்கில் வர வேண்டும். பதினாறு பக்கம் சரியான அளவு. உள்தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) மாப்லித்தோ என்ற சாதா அச்சுத்தாள், படப் பக்கத்துக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள். போனில் யூனிகோடில் அடித்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் அச்சகங்களில் கொம்பும் காலும் இடம் மாறும், ஸ்ரீ உடையும். திரையில் பார்த்துச் சரி சொல்லாமல், தாளில் எடுத்த புரூபை இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள்.

கடைசிப் பக்கப் பெயர்ப் பட்டியல்தான் சண்டை வரும் இடம். மருமகன் பெயர் விடுபடும், இனிஷியல் மாறும், மூத்தவருக்கு முன் இளையவர் வந்துவிடுவார். பிள்ளைகள் வீடு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பி, ஒருவர் கையெழுத்து வாங்கிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள். எண்ணிக்கையில் இருபது பிரதி கூட்டிச் சொல்லுங்கள். கையாளுக்கும் மரவாடிக்காரருக்கும், அவர் நிலை வைத்த வீடுகளுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும்.