நத்தைகுத்தி நாரையின் கழுத்தில் விழுந்த விரிசல்

ஊசுடு ஏரியில் ஒருநாள் காலை நத்தைகுத்தி நாரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி நிற்குமே, அதைக் கண்ணாடியில் வார்த்துப் பார்க்க ஆசை.

மெழுகில் உருவம் செய்து, பிளாஸ்டரும் சிலிக்காவும் கலந்து அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, கண்ணாடித் துண்டுகளை நிரப்பிச் சூளையை 830 டிகிரிக்கு ஏற்றினேன். அச்சை உடைத்தபோது நாரை முழுசாகத்தான் இருந்தது. மறுநாள், யாரும் தொடாமலே, கழுத்தடியில் தலைமுடி போல ஒரு விரிசல்.

முதலில் கண்ணாடியைத் திட்டினேன். தப்பு என்னுடையது. உடல் 5 செ.மீ. தடிமன், கழுத்து ஒன்றரை. கழுத்து முதலில் குளிர்ந்து இறுகிவிட, உடல் பின்னால் சுருங்கி அதை இழுத்திருக்கிறது.

மறுமுறை மெழுகிலேயே வயிற்றை அடியிலிருந்து குடைந்து 3 செ.மீ. ஆக்கினேன். கழுத்தை மடக்கி உடலோடு சேர்த்தேன். ஆனாலும் 5 செ.மீ.க்கான கணக்கிலேயே ஆறவிட்டேன்: 482 டிகிரியில் 8 மணி நேரம், அப்புறம் 427 வரை மணிக்கு 4 டிகிரி. (இது என் வார்ப்புக் கண்ணாடிக்கு. சன்னல் கண்ணாடிக்குப் பொருந்தாது.) கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சோதிக்க லேப்டாப்பில் வெள்ளைத் திரை, அதன் முன்னால் நாரை, என் கண்ணில் போலராய்டு கூலிங்கிளாஸ். தலையைச் சாய்த்துத் திரை இருளும் கோணத்துக்கு வந்தால், உள்ளே இறுக்கம் இருக்கும் இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். பழையதில் விரிசலைச் சுற்றி வெண்திட்டு. புதியதில் அலகு நுனியில் மட்டும் ஏதோ மங்கலாக. நான்கு மாதமாகச் சன்னலோரம் நிற்கிறது.