மலையில் முதல்முறை பூத் ஏஜென்ட்டாக உட்காரப் போகிறீர்களா?

பூத் ஏஜென்ட், அதாவது வாக்குச்சாவடிக்குள் வேட்பாளர் சார்பில் உட்கார்ந்து கவனிப்பவர் என்றால், காலையில் இட்லிப் பொட்டலம், மதியம் பிரியாணிப் பொட்டலம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் முதல் தடவை போனேன். அது கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்து பூத். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் உண்மையான வேலையே இருக்கிறது என்பது தெரியாமல் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன், அந்தக் கதை பிறகு.

நீலகிரி எம்.பி. தொகுதி என்றாலும் மலையில் இருப்பது ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள்தான். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே, அங்கேதான் ஓட்டும் அதிகம். அதனால் மேலே ஒரு பூத்தில் நாலு ஓட்டு போனால் என்ன என்று ஒரு அலட்சியம் நம் ஆட்களுக்கு உண்டு. ஆனால் இந்தத் தொகுதி நிலையாக ஒரு பக்கம் நின்றதில்லை. 1998, 1999 இரண்டிலும் பா.ஜ.க.வின் மாஸ்டர் மாதன், 2004-ல் காங்கிரஸின் பிரபு, 2009-ல் தி.மு.க.வின் ஆ.ராசா, அவரே 2014-ல் அ.தி.மு.க.விடம் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்று, 2019-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் திரும்பி வந்தார். அந்த 2014-ல் பா.ஜ.க. வேட்பாளரின் மனுவே தள்ளுபடியாகி, நோட்டா 46,559 ஓட்டு வாங்கி மூன்றாம் இடத்தில் வந்து நின்றதை இங்கே யாரும் மறக்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முந்தின நாளே உங்களை ஏஜென்ட்டாக நியமிக்கும் பத்தாம் நம்பர் படிவத்தில் வேட்பாளர் அல்லது அவருடைய தலைமை ஏஜென்ட் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயன் வீடுகளிலேயே பிறந்து வளர்ந்த ஒரு அக்காவிடம் போய் உட்காருங்கள், கட்சி ஆபீஸில் உட்கார்ந்து டிக் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. எஸ்டேட் பட்டியலின் சிக்கலே வேறு. ஒரே லயனில் மூன்று லட்சுமி இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்குக் கணவர் பெயரும் ராமசாமியாக இருக்கும். ரிட்டயர் ஆனவர் வீட்டைக் காலி செய்திருப்பார், பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் இருப்பார்கள், பெயர் மட்டும் பழைய கதவு எண்ணிலேயே இருக்கும். இறந்தவர், ஊர் மாறியவர், இங்கே இல்லாதவர் என்று மூன்று விதமாகக் குறித்து வைத்துக்கொண்டால் மறுநாள் அதிகாரிகள் கையில் இருக்கும் அதே மாதிரிப் பட்டியலோடு ஒப்பிடலாம்.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. கூடலூர் பக்கம் யானை நடமாடும் பாதை என்றால் விடியற்காலையில் பைக்கில் வீரம் காட்டாமல் முந்தின இரவே பூத் பக்கத்தில் யார் வீட்டிலாவது தங்கிவிடுங்கள். ஸ்வெட்டர் முக்கியம், பேனா இரண்டு, செல்போன் உள்ளே கூடாது. மாதிரியில் குறைந்தது 50 ஓட்டு போட்டு, மெஷின் கணக்கையும், போட்ட ஓட்டைச் சீட்டாக அச்சிடும் விவிபேட்டின் சீட்டுகளையும் எண்ணி ஒப்பிட்டு, பிறகு எல்லாவற்றையும் அழித்து மொத்தம் பூஜ்யம் என்று காட்டுவார்கள். தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிவிடாமல் அந்தப் பூஜ்யத்தைக் கண்ணால் பாருங்கள், விவிபேட் பெட்டி காலி என்பதையும் பாருங்கள். மெஷினுக்கு வைக்கும் பச்சைத் தாள் முத்திரையில் கையெழுத்துப் போடும்போதே அதன் எண்ணையும் மெஷின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பகலில் ஆள் அடையாளம்தான் உங்கள் வேலை. வந்தவர் அவர் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் கத்த வேண்டாம், பூத்தை நடத்தும் தலைமை அலுவலரிடம் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லுங்கள். ஆமாம், இன்னும் இரண்டே ரூபாய்தான், ஆனால் சும்மா வம்புக்குச் செய்தால் அதுவும் போகும், ஊரில் மரியாதையும் போகும். உண்மையான லட்சுமி வந்து நிற்கும்போது அவர் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால், அழுதுகொண்டே திரும்பிப் போக விடாதீர்கள். ஆய்வுக்குரிய வாக்கு என்று தனி வாக்குச்சீட்டு கொடுப்பார்கள், கேட்டு வாங்கித் தரலாம்.

இன்னொன்று, கண் தெரியாத பாட்டிக்குத் துணையாக ஒருவர் உள்ளே போகலாம், ஆனால் ஒரே ஆள் அன்றைக்கு ஒருவருக்குத்தான் துணை போக முடியும். நான் உட்கார்ந்த பூத்தில் எஸ்டேட்டில் வேலை வாங்கும் ஒரு கங்காணி இரண்டாவது பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எதிர்க்கட்சி ஏஜென்ட்டும் நானும் ஒரே நேரத்தில் எழுந்தோம். நாள் முழுக்க நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். பாட்டி தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து போட்டார்.

ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னால் நோக்கி டோக்கன் கொடுப்பார்கள். மழை கொட்டினாலும் வெளியே போய்ப் பாருங்கள், பின்னால் புதிதாக யாரும் சேரக் கூடாது. அதன்பின் மெஷினை மூடிவிட்டு 17சி படிவம் நிரப்புவார்கள்: பதிவேட்டில் எத்தனை பேர், மெஷினில் எத்தனை ஓட்டு, முத்திரை எண்கள் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அன்றைக்கு அதை வாங்காமல்தான் நான் பஸ்ஸுக்கு ஓடினேன். ஓட்டு எண்ணிக்கை நாளில் எண்ணும் மேஜையில் உட்கார்ந்த எங்கள் ஆள் என் பூத் மெஷின் வந்தபோது ஒப்பிட ஒரு தாள்கூட இல்லாமல் அடுத்தவர் நகலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

நகலில் தலைமை அலுவலரின் கையெழுத்து இருக்கிறதா, காலையில் குறித்த மெஷின் எண்ணும் முத்திரை எண்ணும் அதில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். வெளியே வந்ததும் போட்டோ எடுத்துத் தலைமை ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிட்டு, தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்வெட்டருக்குள் வையுங்கள், மலைப் பனியில் மை ஊறிவிடும்.