ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார்: கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடகர் இல்லை, டிரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டார் இல்லை. கம்பிகளை விரல்களாலேயே மீட்டும் ஃபிங்கர்ஸ்டைலில், ஒரே ஒரு அகூஸ்டிக் கிட்டாரில் முழுப் பாட்டும் வந்துவிடுகிறது. "அருமை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். வாசித்தவரின் உழைப்பில் பாதி நம் காதில் விழாமலே போயிருக்கும். அதற்குப் பெரும்பாலும் நாம் கேட்கும் விதமே காரணம்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பது

மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. வழக்கமான ட்யூனிங்கில் ஆறாவது கம்பி, அதாவது மிகத் தடித்த கம்பி, சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்தாவது 110, நான்காவது 147, மூன்றாவது 196. ஃபோனின் சின்ன ஸ்பீக்கருக்கு இந்தக் கீழ்ப்பகுதியில் பலம் கிடையாது. மேலே கேட்கும் துணைச் சுரங்களை வைத்து மூளை கீழ்ச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். சுரம் புரிந்துவிடும், கனம் வராது. கிட்டாரின் உடலில் தட்டும் 'தும்' வெறும் 'டக்' ஆகிவிடும். சாதாரண இயர்ஃபோன் ஒன்று இருந்தாலே போதும், வித்தியாசம் உடனே தெரியும்.

மெட்டை மட்டும் பின்தொடர்வது

காது இயல்பாகவே மேலே இருக்கும் மெட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இந்தப் பாணியின் உயிர் கட்டைவிரலில் இருக்கிறது. சி மேஜர் கார்டில் (கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) கட்டைவிரல் செய்வதைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கைக்கு ஐந்தாவது கம்பி, நான்காவது, ஆறாவது, மறுபடி நான்காவது என்று மாறி மாறி மீட்டிக்கொண்டே இருக்கும். மெட்டுச் சுரங்களோ அந்த எண்ணிக்கையின் மேலும் விழும், இரண்டு எண்ணிக்கைக்கு நடுவிலும் விழும். மெட்டு எவ்வளவு இழுத்தாலும் முந்தினாலும் கட்டைவிரலின் தாளம் பிசகக்கூடாது. ஒரே கையில் இரண்டு பேர் வாசிப்பது போன்ற உணர்வு இதனால்தான் வருகிறது.

பேஸ், அதாவது கீழ்ச் சுரங்கள், இப்படி மாறி மாறி வரும் முறைக்கு 'டிராவிஸ் பிக்கிங்' என்று பெயர் வரக் காரணமான அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் (1917–1983) பெரும்பாலும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மட்டுமே பயன்படுத்தினார். அவரைக் கேட்டு வளர்ந்த செட் அட்கின்ஸ் (1924–2001) மற்ற விரல்களையும் சேர்த்து விரித்தார். பேஸைக் கட்டைவிரல்தான் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு அழகான விதிவிலக்கு எலிசபெத் காட்டன். இடக்கைப் பழக்கம் கொண்ட அவர், வலக்கைக்காரர்களுக்குக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். அதனால் அவருக்கு பேஸை விரல்களும் மெட்டைக் கட்டைவிரலும் பார்த்துக்கொண்டன.

பயிற்சி எளிது. ஒரே பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை காலால் தாளம் போட்டுக்கொண்டு பேஸை மட்டும். இரண்டாவது முறை மெட்டு. மூன்றாவது முறை, இரண்டுக்கும் நடுவே இரண்டாவது, மூன்றாவது கம்பிகளில் மெல்ல நகரும் சுரங்கள். ஒரு நல்ல வாசிப்பை வெறும் திறமையான வாசிப்பிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த நடுப்பகுதிதான்.

கவர் வாசிப்பை மூலப் பாட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுவது

ஏற்கெனவே உள்ள பாட்டைக் கிட்டாரில் வாசிப்பதே கவர். அதைக் கேட்டு "இந்த இடத்தில் ஒரு சுரம் விட்டுப்போச்சே" என்பது அடிக்கடி கேட்கும் குறை. பாடகர் ஒரே சுரத்தில் ஆறு அசைகளைப் பாடினால், ஒவ்வொன்றிலும் வேறு வேறு எழுத்து இருப்பதால் காதுக்கு அலுக்காது. அதே சுரத்தைக் கிட்டாரில் ஆறு முறை மீட்டினால் தட்டச்சு இயந்திரம் போல இருக்கும். ஆகவே, வாசிப்பவர் வேண்டுமென்றே இரண்டு மூன்றை விட்டுவிடுவார், அல்லது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை வழுக்கிச் செல்வார்.

இழுத்துப் பாடும் இடம் இன்னும் கடினம். குரல் ஒரு சுரத்தைப் பிடித்து வளர்க்கலாம். கிட்டாரில் மீட்டிய நொடியிலிருந்தே ஒலி தேய ஆரம்பித்துவிடும். அந்தத் தேய்வை மறைக்க மூன்று வழிகள் உண்டு: அதே கம்பியை மூன்று விரல்களால் மாறி மாறி வேகமாக மீட்டும் ட்ரெமொலோ, அடியில் கார்டின் சுரங்களை உதிர்த்து நிரப்புவது, அல்லது துணிந்து மௌனமாக விடுவது. எதைத் தேர்ந்திருக்கிறார் என்று கேட்பதில்தான் சுவை.

சோதித்துப் பார்க்க ஓரிடம் சொல்லலாம். முதல் சரணத்தையும் இரண்டாவது சரணத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூலத்தில் மெட்டு ஒன்றாக இருந்தாலும் வரிகள் மாறும். கிட்டாரில் மாற வரிகளே இல்லை. அப்படியே திருப்பி வாசித்திருந்தால் அந்த ஏற்பாடு பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். மெட்டை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றியிருந்தாலோ, பேஸின் நடையை மாற்றியிருந்தாலோ, 12ஆம் ஃப்ரெட்டுக்கு (ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மணியோசை போன்ற ஹார்மோனிக்ஸில் வாசித்திருந்தாலோ, அவர் யோசித்திருக்கிறார்.

கேபோவையும் வேறு ட்யூனிங்கையும் குறுக்குவழி என்று நினைப்பது

கேபோ என்பது ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி. விரலால் அழுத்தாத கம்பிகள், அதாவது திறந்த கம்பிகள், எவ்வளவு ஒலிக்கின்றனவோ அவ்வளவுக்கு இடக்கை விரல்கள் மெட்டுக்கு ஓய்வாகக் கிடைக்கும். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் 1960களில் பரவலாக்கிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங்கில் ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகள் மூன்றும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கப்படுகின்றன. பேஸைத் திறந்த கம்பிகள் பார்த்துக்கொள்ள, இடக்கை கழுத்தின் மேல்பகுதியில் சுதந்திரமாக உலவும். கேபோவும் இப்படித்தான்: முதல் ஃப்ரெட்டில் மாட்டினால், டி வடிவத்தில் வாசித்து ஈ ஃபிளாட்டில் பாட்டைக் கொண்டுவரலாம். திறந்த கம்பிகளின் முழக்கமும் கைநழுவாது.

கண்ணால் மதிப்பிடுவது

கிட்டாரின் உடலில் தட்டுவது, இரு கைகளாலும் கழுத்தில் தட்டி ஒலி எழுப்புவது எல்லாம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். 1980களில் மைக்கேல் ஹெட்ஜஸ் வாசித்தபோது ஒவ்வொரு தட்டுக்கும் இசையில் ஓர் இடம் இருந்தது. காட்சிக்காகவே தட்டுபவர்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் தட்டு பிசகாமல் விழுகிறதா, மெட்டை மூடாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. வேகமும் அப்படியே. மெதுவான பாட்டில் ஒவ்வொரு சுரமும் அம்மணமாக நிற்கும், ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

எந்தச் சத்தம் பிழை, எது பிழையில்லை?

ஸ்டீல் கம்பி கிட்டாரில் பொதுவாக நான்கு தடித்த கம்பிகள் உலோக இழை சுற்றப்பட்டவை. அவற்றின் மேல் விரல் நகரும்போது 'கீச்' என்று வரும். அங்கங்கே வந்தால் அது கருவியின் மூச்சு. ஒவ்வொரு கார்ட் மாற்றத்திலும் வந்தால் விரலைத் தூக்காமல் இழுக்கிறார் என்று அர்த்தம். உண்மையான பிழைகள் வேறு: கை இடம் மாறும்போது மெட்டுச் சுரம் பாதியில் அறுந்துபோவது, எளிதான பகுதியில் வேகம் கூடிவிடுவது, கடினமான இடத்தில் பேஸ் காணாமல் போவது. ரிவெர்ப், அதாவது பதிவில் சேர்க்கும் எதிரொலி, அதிகமாக இருந்தால் அறுந்த சுரங்களை அது போர்த்திவிடும், கவனமாகக் கேளுங்கள்.

மேடையில், கம்பிகளைத் தாங்கும் சேடில் என்ற துண்டுக்கு அடியில் வைக்கும் பியேசோ பிக்கப் (அதிர்வை மின்சைகையாக மாற்றும் கருவி) கம்பியின் அதிர்வை நேரடியாக எடுப்பதால் ஒலி சற்று வறண்டு, வெட்டியது போல இருக்கும். அதை ஸ்டூடியோ மைக் பதிவோடு ஒப்பிட்டு "வாசிப்பு சரியில்லை" என்று சொல்வது நியாயமில்லை.

நேரில் கேட்கும்போது

கூட்டமாகக் கைதட்டித் தாளம் போடாதீர்கள். தட்டுவோரின் வேகம் மெல்ல ஏறும், கட்டைவிரலின் சுரங்கள் அதில் மூழ்கிவிடும். பாட்டுகளுக்கு நடுவே ட்யூனிங் மாற்றும்போது பேச்சைக் குறையுங்கள். புதிதாக இறுக்கிய கம்பி சுருதி நகரும், அதை அவர் இரண்டு மூன்று முறை காதால் சரிபார்க்க வேண்டியிருக்கும். கடைசிக் கார்டை மீட்டியதும் கைதட்டாதீர்கள். அவர் கை கம்பிகளை மூடும்வரை பாட்டு ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.