தசை வருத்தம் உள்ளவரின் நித்திரையை ஒரு இரவு பாருங்கள்

எங்கள் அண்ணாவுக்கு மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி என்ற தசை வருத்தம். கதவுக் கைப்பிடியைப் பிடித்தால் விரல்கள் உடனே விரியாது, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார், எங்களுக்குத் தெரிந்த வருத்தம் அவ்வளவுதான், மூச்சிழுக்கும் தசைகளையும் அது தளர்த்தும் என்று தெரியாது. பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுவதைச் சோம்பல் என்று கன நாள் ஏசியிருக்கிறோம். மூச்சு முட்டுகிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நடப்பதும் ஓடுவதும் குறைந்துபோனவருக்கு இளைப்பு வர வாய்ப்பே இல்லையே, பிறகு எப்படிச் சொல்வார்?

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். காலையில் எழும்பும்போது தலையிடிக்கிறதா, மத்தியானம் ஆக அது தானாகவே விடுகிறதா? தலையணையைக் கூட்டிக் கூட்டி வைக்கிறாரா? எத்தனை மணி நேரம் படுத்தாலும் களைப்புப் போகவில்லையா? இரவில் மூச்சு ஆழமாகப் போகாவிட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு தேங்கும், காலைத் தலையிடிக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் ஒரு இரவு முழித்திருந்து பாருங்கள். படுத்த உடனே பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே தூங்குறார்’ என்று போய்விடாதீர்கள், விடியப்புறம் மூன்று மணிக்கு மேல் பாருங்கள். கனவு வரும் நித்திரை அந்த நேரத்தில்தான் கூட, அப்போது மற்றத் தசைகள் தளர்ந்துவிட, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் ஏறக்குறையத் தனியாகவே மூச்சை இழுக்க வேண்டும். நுளம்பு வலையை ஒதுக்கி, மல்லாக்கப் படுத்திருப்பவரின் நெஞ்சில் ஒரு தீப்பெட்டி, வயிற்றில் ஒரு தீப்பெட்டி வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது இரண்டும் சேர்ந்து எழும்ப வேண்டும். நெஞ்சுப்பெட்டி எழும்ப வயிற்றுப்பெட்டி கீழே இறங்கினால் உதரவிதானம் பலவீனமாக இருக்கலாம். குறட்டை திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு திணறி இழுத்தால் அதையும் போனில் வீடியோ எடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்தால்தான் சத்தம் கேட்கும். எங்கள் கிளினிக்கில் நான் வாயால் சொன்னதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, வீடியோவைக் காட்டிய பிறகுதான் டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஒக்சிசன் அளவைப் பார்க்கும் ஒக்சிமீட்டர் உதவும், ஆனால் மருதாணியும் குளிர்ந்த விரலும் அதை ஏமாற்றும். எண் நல்லாக இருந்தாலும் கரியமிலவாயு தேங்கவில்லை என்று அர்த்தமில்லை.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கோ போகும்போது, மூச்சுக் கொள்ளளவை, அதாவது ஒரு மூச்சில் எவ்வளவு காற்றை ஊத முடிகிறது என்பதை, இருந்தும் படுத்தும் அளக்க முடியுமா என்று கேளுங்கள். படுத்தால் நன்றாகக் குறைகிறது என்றால் உதரவிதானத்தைச் சந்தேகிப்பார்கள். நித்திரைச் சோதனை, இரத்தத்தில் கரியமிலவாயு அளவு, இவற்றையும் கேளுங்கள். இதயத்துக்கு இ.சி.ஜி. வருடா வருடம் வேண்டும், இந்த வருத்தம் இதயத்தின் மின்னோட்டத்தையும் குழப்பும்.

காலுக்கு வருவோம். அண்ணாவின் செருப்பு கழன்று விழுந்தும் அவர் நடந்துகொண்டே போனார், அன்றைக்குத்தான் கால் உணர்ச்சியில்லாமல் விறைத்திருக்கிறது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் தசையின் தலையில் போடக்கூடாது. மயோட்டோனிக் டிஸ்ட்ரோபியில் சிலருக்கு நரம்பும் பழுதாகும், சீனி வருத்தம் வரும் வாய்ப்பும் கூட, பி12 குறைந்தாலும் விறைக்கும். சீனியையும் பி12ஐயும் பார்த்துவிட்டு நரம்பு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை பற்றிக் கேளுங்கள். அதுவரை மத்தியான வெயிலில் கல்லடிக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு விடாதீர்கள், சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இரவில் உள்ளங்காலை டோர்ச் அடித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். களைப்பென்று வீட்டில் ஒக்சிசன் சிலிண்டரை மட்டும் வாங்கிப் பூட்டாதீர்கள், கரியமிலவாயு தேங்குபவருக்கு அது ஆபத்தாகலாம். இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பைபாப் என்ற, முகமூடி மாட்டும் மூச்சு மெஷின், அது உள்ளிழுக்கும்போது கூடிய அழுத்தமும் வெளிவிடும்போது குறைந்த அழுத்தமும் கொடுத்து மூச்சைத் தள்ளிவிடும். நித்திரைக் குளிசையும் தூக்கம் வரும் இருமல் பாணியும் டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். பல்லுப் பிடுங்குவதோ கண்ணில் புரை எடுப்பதோ, மயக்க மருந்து கொடுப்பவருக்கு வருத்தத்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறோம்.

மெஷின் எடுக்கும் நாளில் பற்றரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்டு வாங்குங்கள். மாரி மழைக்கு எங்கள் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.