அரசுத் துறைகளின் கணினிகளை இணைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

இரண்டு துறைகளின் கணினிகளை இணைக்கப் போகிறோம் என்றதும் எல்லாரும் முதலில் பேசுவது ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி), சர்வர், நெட்வொர்க் பற்றித்தான். அதெல்லாம் எப்படியும் முடிந்துவிடும். இந்தத் துறை ‘வருமானம்’ என்று எதைச் சொல்கிறது, அந்தத் துறை எதைச் சொல்கிறது என்று இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாமல் விடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

ஆஸ்திரேலியாவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நலத்திட்ட உதவி வாங்குபவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் வருமானத்தைச் சொல்ல வேண்டும். வரித்துறையிடம் இருப்பதோ முழு ஆண்டு வருமானம். 2016-ல் இந்த இரண்டையும் தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கிற திட்டத்தை முழுவீச்சில் இறக்கினார்கள். மக்கள் அதை ‘ரோபோடெட்’ என்று அழைத்தார்கள். ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் அவ்வளவு சம்பாதித்ததாகக் கணக்குப் போட்டார்கள். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு, அடுத்த ஆறு மாதம் வேலையில்லாமல் முறைப்படி உதவித்தொகை வாங்கிய ஒருவர், இந்தக் கணக்கின்படி ஆண்டு முழுக்கச் சம்பாதித்துக்கொண்டே உதவியும் வாங்கியவர் ஆகிவிட்டார். அவருக்குக் கடன் நோட்டீஸ் போனது. அதை மறுக்க வேண்டுமென்றால் பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டை அவரே தேடிக் கொண்டுவர வேண்டும். 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் இந்தக் கணக்கு சட்டவிரோதம் என்று ஆனது, 2020 மே மாதம் 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது, 2023-ல் இதை விசாரித்த ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. கணினியிலிருந்து கணினிக்குப் போன எண் சரியாகத்தான் போனது, போய்ச் சேர்ந்த இடத்தில் அதற்கு வேறு பொருள் கொடுத்துவிட்டார்கள்.

அதனால் மென்பொருள் எழுதுவதற்கு முன் ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் அது எந்தக் காலத்துக்கானது, யார் பதிந்தது, எப்போது கடைசியாகப் புதுப்பித்தது என்று எழுதி இரண்டு துறைகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, பெயரை வைத்து ஆளைப் பொருத்துவது. நம் ஊரில் இது தனித் தலைவலி. ஆதாரில் ‘எம். செல்வி’ என்று இனிஷியலோடு இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் அங்கே ‘முருகன் செல்வி’, பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் இன்னொரு வடிவம். நான்கும் ஒரே பெண்தான் என்று நமக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. ஆதாரையும் பான் கார்டையும் இணைக்கச் சொன்னபோது எத்தனை பேர் பெயர் திருத்த அலைந்தார்கள் என்பது பலருக்கும் நினைவிருக்கும்.

தமிழிலேயே பதிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘கொ’ என்பதை யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. இதை யூனிகோட் இயல்பாக்கம் செய்து, அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி, சரிசெய்துவிடலாம். ‘ஸ்ரீ’ அப்படியில்லை. அதை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம், இயல்பாக்கம் அதைத் தொடாது, நீங்களேதான் விதி எழுத வேண்டும். ஸ்ரீதேவிகளும் ஸ்ரீதர்களும் இங்கே கொஞ்சமா நஞ்சமா? பழைய கோப்புகள் ‘வானவில்’ போன்ற, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருந்தால் அதை மாற்றுவது இன்னொரு தனி வேலை.

பிறந்த தேதியும் இப்படித்தான். வயதானவர்கள் பலரிடம் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கும், மென்பொருள் முழுத் தேதி கேட்கும், பதிபவர் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார். அப்புறம் அந்தத் தேதியை நம்பி ஆளைத் தேடினால் அதே நாளில் ஊரே பிறந்திருக்கும்.

‘பதில் வரவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்த்துறை சர்வர் படுத்திருக்கும்போது உங்கள் மென்பொருள் ‘பதிவு இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்று காட்டினால், கவுன்டரில் நிற்கிற அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், அவர் வெறுங்கையோடு திரும்பிப் போவார். மூன்று நிலை வேண்டும்: இருக்கிறது, இல்லை, இப்போது தெரியவில்லை. மூன்றாவது வந்தால் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்ப்பது அப்புறம் நடக்கட்டும். பணம் போகிற இடமென்றால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுங்கள், இல்லையென்றால் மறுபடி முயன்றதில் இரண்டு முறை பணம் போய்விடும்.

இடையில் எக்செல் கோப்பை நுழைப்பதும் வேண்டாம். 2020-ல் இங்கிலாந்தில் கோவிட் பரிசோதனை முடிவுகள் பழைய எக்செல் வடிவத்தில் போய்க்கொண்டிருந்தன. அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. 15,841 பேரின் முடிவுகள் அன்றாடக் கணக்கில் வராமல் விடுபட்டன, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

எல்லாத் தகவலையும் ஒரே பெரிய டேட்டாபேஸில் கொட்டிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ஐரோப்பாவில் உள்ள எஸ்டோனியா 2001-லேயே அந்த வழியை விட்டுவிட்டது. அவர்களுடைய எக்ஸ்-ரோடு முறையில் ஒவ்வொரு துறையும் தன் தகவலைத் தானே வைத்திருக்கும், மற்றவர்கள் தேவையான கேள்வியை மட்டும் கேட்டுப் பதில் வாங்குவார்கள், கேட்டது யார், எப்போது என்று பதிவாகும். குடிமக்களும் அரசு இணையதளத்தில் நுழைந்து தங்கள் தகவலை யார் பார்த்தார்கள் என்று பார்க்கலாம். இங்கே இதைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன்.

கடைசியாக, திருத்தும் வழியை மறக்காதீர்கள். ‘விவரம் பொருந்தவில்லை’ என்று மட்டும் காட்டினால் மக்கள் இந்த அலுவலகத்துக்கும் அந்த அலுவலகத்துக்கும் அலைவார்கள். எந்தத் துறையின் பதிவில், எந்த விவரம், எங்கே போய்த் திருத்துவது என்ற மூன்றையும் அதே திரையில் தமிழில் காட்டுங்கள், கூடவே ஒரு அச்சுப் பிரதியும் கொடுங்கள்.