ஹாவில் பொங்காத இட்லி மாவு

வீட்டுக்காரருக்கு பூட்டானில் போஸ்டிங். 1960களின் தொடக்கத்திலிருந்து அங்கே இருக்கும் நம் ராணுவப் பயிற்சிக் குழுவில் வேலை. ஊர் பெயர் ஹா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர். குவார்ட்டர்ஸுக்குப் போன முதல் வாரமே மாவு அரைத்தேன். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால், கரைத்து வைத்தது வைத்தபடியே கிடக்கிறது. ஒரு குமிழிகூட இல்லை!

அறையைச் சூடாக்கும் புகாரி விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்த பக்கம் வெந்து கட்டியானது, மறுபக்கம் பச்சைத் தண்ணீர். நள்ளிரவில் விறகு அணைந்ததும் எல்லாம் மறுபடி சில்லிட்டது. கடைசியில் கைகொடுத்தது ஒரு தெர்மோகோல் பெட்டி. மாவுப் பாத்திரத்தோடு இரண்டு வெந்நீர் பாட்டில்களை வைத்து மூடி, மேலே ரஜாய் என்ற கனமான பஞ்சுப் போர்வை. படுக்கும் முன் ஒரு தரம், விடிகாலையில் ஒரு தரம் வெந்நீர் மாற்றினேன். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயமும் ஊறப் போட்டேன். பதினெட்டு மணி நேரம் ஆனது, ஆனால் மாவு விளிம்பு வரை வந்து நின்றது.

அப்புறம் அவிப்பதிலும் ஒரு சிக்கல். அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஆவியிலும் சூடு குறைவு. ஊரில் பத்து நிமிடம் என்றால் இங்கே பதினெட்டு. பருப்புக்குக் குக்கர் இல்லாமல் முடியவே முடியாது.

அந்த ஞாயிறு செலே லா கணவாய் வழியாகப் பாரோ என்ற ஊருக்குப் போனோம். கணவாயில் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும் காற்றில், பொடி தடவிய இட்லியைக் கையுறையோடு பிய்த்துத் தின்றார் இவர். கல் மாதிரி ஆகியிருந்தது, அது வேறு கதை.