ஆர்ச்சிபால்ட் பரிச வச்சு ஒரு ஓவியப் பரிசோட வரலாற படிக்கிறது எப்படி

ஒருத்தர் இறந்தப்புறம் அவர் பேர்ல நடக்குற ஓவியப் பரிசப் பத்தி தெரிஞ்சுக்கணும்னா எல்லாரும் நேரா ஜெயிச்சவங்க லிஸ்ட்டுக்கு போயிடுறாங்க, தயவுசெஞ்சு அத கடைசில வச்சுக்கோங்க, மொதல்ல உயில் என்ன சொல்லுதுன்னு பாருங்க.

ஆஸ்திரேலியாவோட ஆர்ச்சிபால்ட் பரிச எடுத்துக்கலாம். 'தி புல்லட்டின்' பத்திரிகைய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜே.எஃப். ஆர்ச்சிபால்ட் 1919ல இறந்தாரு, அவர் எழுதிவச்ச பணத்துல 1921லேர்ந்து பரிசு குடுக்குறாங்க. உயில்ல கேட்டது இதான்: போர்ட்ரெய்ட்டா, அதாவது ஒரு ஆள வரைஞ்ச படமா இருக்கணும், கலை, இலக்கியம், அறிவியல், அரசியல்ல பேர் வாங்குன ஆளா இருந்தா நல்லது, வரைஞ்சவர் ஆஸ்திரலேசியாவுல (ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பகுதி) குடியிருக்கணும், முடிவு சிட்னி கேலரி டிரஸ்டிங்க கைல. இத ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல வச்சுக்கோங்க, பின்னாடி வர்ற முக்கால்வாசி சண்ட இதுக்குள்ள இருந்துதான் வரும்.

அடுத்து கோர்ட் கேஸ தேடுங்க. இங்கதான் மேட்டரே இருக்கு. 1943 பரிசு வில்லியம் டோபெல்லுக்கு போச்சு, சக ஓவியர் ஜோஷுவா ஸ்மித்த கழுத்தும் கையும் நீண்டு ஒல்லியா வரைஞ்சிருந்தாரு, தோத்துப்போன ரெண்டு ஓவியருங்க இது போர்ட்ரெய்ட்டே இல்ல கேலிச்சித்திரம்னு 1944ல கேஸ் போட்டாங்க. நீதிபதி ரோப்பர் தள்ளுபடி பண்ணிட்டாரு. ஆனா அந்த கேஸ் டோபெல்ல உடம்பாலயும் மனசாலயும் ரொம்ப ஒடச்சிருச்சு, அத படிக்கிறப்ப இப்பவும் கஷ்டமா இருக்கும். அடுத்த வருஷப் பரிசு யாருக்குன்னு பாருங்க, அதே ஜோஷுவா ஸ்மித்துக்கு! 1975ல வேற மாதிரி பிரச்சன, ஆள நேர்ல பாக்காம போட்டோவ பாத்து வரைஞ்சதுன்னு தெரிஞ்சதும் ஜெயிச்ச படத்துகிட்ட இருந்து பரிச திரும்ப வாங்கிட்டாங்க.

இப்ப லிஸ்ட்ட தொறங்க. வரைஞ்சவங்க பேர் ஒரு பக்கம், வரையப்பட்டவங்க பேர் ஒரு பக்கம்னு ரெண்டா பிரிச்சு எழுதுங்க, அப்பதான் யாருக்கு கதவு தொறந்திருந்துச்சுன்னு தெரியும். ஓவியருங்க மெக்இன்னஸ் 7 தடவ, டார்கி 8 தடவ ஜெயிச்சிருக்காங்க. ஜெயிச்ச மொத பொம்பள ஓவியர் நோரா ஹைசன், அதுக்கே 1938 ஆச்சு. 1956ல டார்கி ஜெயிச்சது ஆல்பர்ட் நமட்ஜிராவ வரைஞ்சு, அதாவது ஒரு பழங்குடி ஓவியர் படத்துக்குள்ள வந்துட்டாரு, பரிசு வாங்குற எடத்துக்கு வரல. அவரோட கொள்ளுப்பேரன் வின்சென்ட் நமட்ஜிரா 2020ல ஜெயிச்சப்பதான் மொத தடவையா ஒரு பழங்குடி ஓவியருக்கு அந்த பரிசு போச்சு. ஒரே குடும்பம், நடுவுல 64 வருஷம். ஜெயிச்சவங்க பேர மட்டும் படிச்சா இதோட பாதி கண்ணுல படவே படாது.

தேர்வாகாத படங்களயும் விட்ராதீங்க. 1992லேர்ந்து அதுல சிலத பொறுக்கி சிட்னியிலயே தனி கண்காட்சியா வைக்கிறாங்க. கேலரில பெட்டி பிரிச்சு படத்த மாட்டுற ஊழியருங்க குடுக்குற பேக்கிங் ரூம் பரிசும் 1991லேர்ந்து இருக்கு, ஒவ்வொரு வருஷமும் அவங்க எடுத்த படத்தயும் டிரஸ்டிங்க எடுத்த படத்தயும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.